பதினேழு பல் சக்கரம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உன் விலாசத்தை உங்கள் பழைய பட்டறை ஸ்டோர்கீப்பர் கொடுத்தார். அவராகக் கொடுக்கவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று உன்னிடம் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

நீ வெட்டிய பல்சக்கரத்தில் செயின் ஏறி நழுவி, சரக்குத் தூக்கும் மேடை உன் மாமாவின் இடுப்பில் இறங்கி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. செக்கிங்கில் இருந்த தன்னிடம் காட்டாமலே நீ அந்தச் சக்கரத்தை மாட்டினாய் என்று அவர் விசாரணையில் எழுதிக் கொடுத்தார். நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பற்றி இனி பேச என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது கணக்கு.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது படுத்ததுதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கிறார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வெர்னியர், மைக்ரோமீட்டர் மாதிரி அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரர் இவரை முன்பே அறிந்தவர். தானாக வந்து போக முடிந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறேன் என்கிறார். ஜூன் பதினைந்துவரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டாராம். நான் துணிக் கம்பெனியில் கட்டிங் முடித்து வரும்போது அவர் ஒரு நாளாவது வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுவரோடேயே போய்விடுவார்.

கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிக்கு ஃபிரேம் கிடைத்திருக்கிறது. பல்சக்கரம், செயின் கிடையாது. பின் தெருவில் லேத் வைத்திருக்கிற டர்னர் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். "கணக்கு கொடுங்க, வெட்டறேன். கணக்கு நான் போட மாட்டேன்" என்கிறார். சைக்கிள் செயின்தான். கைப்பிடி அச்சிலிருந்து சக்கர அச்சுவரை 640 மில்லிமீட்டர், மூன்று தடவை அளந்தேன். அவருடைய கையில் இப்போது பலம் இல்லை. சுற்ற லேசாக இருக்க வேண்டும்.

போன் செய்யாதே. உன் குரல் வேண்டாம். எண்கள் எழுத்தில் வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படி எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

முதலில் கணக்கு. கைப்பிடிப் பக்கம் 17 பல், வண்டிச் சக்கரப் பக்கம் 24 பல். சின்னது பெரியதைச் சுற்றுவதால் வேகம் குறையும், கைக்கு லேசாக இருக்கும். நீ போட்ட சரிவுப் பாதையில் ஏறினாலும் தோள் வலிக்காது. (சரிவுப் பாதை போட்டிருப்பாய். உன்னைத் தெரியாதா?)

சைக்கிள் செயினில் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே 12.7 மில்லிமீட்டர். 180-ஐப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தக் கோணத்தின் சைனால் 12.7-ஐ வகுக்க வேண்டும். 17 பல்லுக்கு 69.12 வரும், 24 பல்லுக்கு 97.30 வரும். செயினின் முட்கள் ஓடுகிற வட்டம் அது. அதிலிருந்து உருளையின் பருமன் 7.75-ஐக் கழித்தால் பள்ளங்களின் அடியைத் தொட்டுப் போகிற வட்டம். சின்னதுக்கு 61.37, பெரியதுக்கு 89.55. டர்னருக்கு இந்த இரண்டும் முக்கியம். பள்ளம் ஆழம் குறைந்தால் செயின் அடியில் உட்காராது. மேலே ஏறி நிற்கும்.

செயின் நீளம் 121.3 கண்ணி வருகிறது. 121 போடாதே. ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டு முனையும் சேராது, அரைக் கண்ணி ஒன்று போட்டுத்தான் சேர்க்க வேண்டும், அறுவதும் அங்கேதான். 122 போடு. பின் அச்சு நாலரை மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும், துளையை நீளமாக அடிக்கச் சொல். பல் மட்டும் ஒற்றைப்படையாக இருப்பது நல்லது. அப்போதுதான் ஒரே பல் ஒரே கண்ணியைத் திரும்பத் திரும்பக் கடிக்காமல் தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவும். நம் பட்டறையில் எப்போதும் 17தான் போடுவோம், கை பழகிவிட்டது.

இங்கே பாட்டிலில் மூடி போடும் மெஷின் கம்பெனியில் இருக்கிறேன். சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் நீராவி, மூடினால் இருட்டு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்வதுண்டா? வண்டியைப் பூட்டும் அன்றைக்கு நான் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன். வாசலோடு பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கணக்கு கேட்டால் கணக்கு மட்டும் எழுது. என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் இருந்த இரண்டு படியையும் சிமென்ட் போட்டுச் சரிவாக்கியாகிவிட்டது. உனக்காக இல்லை. அவர் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உன் பேச்சை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

சக்கரம் இரண்டும் வந்துவிட்டன. அவருடைய வெர்னியரை அலமாரியிலிருந்து எடுத்து அளந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தானாகப் பேசினார். "அதை எடுக்காதே" என்றார். எடுத்துவிட்டேன். ஒரு பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தின் அடிவரை அளந்தேன். பெரியது 89.55, நீ சொன்ன அளவு அச்சாக இருக்கிறது. சின்னது 61.07தான் வருகிறது. எந்தப் பள்ளத்தில் வைத்தாலும் அதே 61.07. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு குறைகிறது.

என் வேலையில் அது ஒரு நூல் தடிமன். சிரித்துவிட்டுக் கத்திரியை வைப்பேன். உன் வேலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அது என் வீட்டில் படுத்திருக்கிறது.

இன்னொரு தடவை உன் கணக்கை நம்பி அவரை ஒரு செயினில் ஏற்ற நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். தப்பு உன்னுடையதா, டர்னருடையதா? எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

தப்பு யாருடையதும் இல்லை. அந்த 17 பல் சக்கரம் வேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டு 18 பல் வெட்டச் சொல். பள்ளத்தின் அடி அளவு 65.39. நீ நேராக அளந்தாலும் 65.39தான் வரும், சந்தேகம் வராது. கண்ணி அதே 122 போதும். பின் அச்சை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் சரியாக இருக்கும். சுற்ற ஒரு துளி கனமாகத் தெரியும், மாமாவுக்குப் பழகிவிடும்.

முதலிலேயே 18 என்று எழுதியிருக்க வேண்டும். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை டர்னரிடம் காட்டினேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "நீங்க கொடுத்த கணக்குல என்ன இருந்துச்சோ அப்படியே வெட்டியிருக்கேன். தப்புன்னு யாரு சொன்னா? கெட்ட சக்கரம்னு எழுதி வாங்கிட்டு வாங்க, நானே உருக்கிப் போட்டுடறேன். நல்ல சக்கரத்தைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வெட்டற வேலையை நான் செய்ய மாட்டேன்" என்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு?

நீ மழுப்புகிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு "பூனை வந்துச்சு" என்று சொன்னாயே, அதே மழுப்பல். நம் வீட்டில் பூனையே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நான் ஃபிரேமுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பி, "எப்ப முடியும்?" என்று கேட்டார். ஏப்ரல் கடைசி என்றேன். "ஹேண்டில் உயரமா இருக்கு, ரெண்டு இஞ்சு குறை" என்றார். குறைக்கப் போகிறேன். அதனால் என்னோடு விளையாடாதே.

ஒரே கேள்வி. இந்த 17 பல் சக்கரம் நல்லதா, கெட்டதா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நல்லது. கெட்டது என்று எழுதி ஒரு கடிதத்தை ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன்.

நீ கணக்கில் கெட்டிக்காரி, சொன்னால் புரியும். 17 ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, பல்தான் இருக்கும். நீ அளந்தது கொஞ்சம் ஒதுங்கியிருக்கிற பக்கத்துப் பள்ளம்வரை. வட்டமாக வெட்டிய துணியை நடுவில் மடித்தால் மடிப்பு முழு நீளம் இருக்கும், சற்று ஒதுங்கி மடித்தால் குறையும் அல்லவா, அதே விஷயம். 17 பல்லில், இந்தச் செயினுக்கு, அப்படி அளந்தால் 61.07 வருவதுதான் சரி. 61.37 காட்டியிருந்தால் சக்கரம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். பெரிதானால் செயின் பள்ளத்தில் உட்காராது. உன் டர்னர் பிரமாதமாக வெட்டியிருக்கிறார், அவரிடம் நான் சொன்னதாகச் சொல். 24 இரட்டைப்படை. அதனால் அதில் வித்தியாசம் வரவில்லை.

இதை நானே இங்கே வந்து நாலு மாசம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே செக்கிங்கில் இருக்கிற அம்மா, நான் வெர்னியரை வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தனை பல்லுன்னு எண்ணிப் பார்த்துட்டு அளக்கணும் தம்பி" என்றார். அன்றைக்கு என்னால் வேலையே செய்ய முடியவில்லை.

18 வெட்டிவிட்டால் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது என்று பார்த்தேன். ஆனால் ஒரு நல்ல சக்கரத்தை இரண்டாவது தடவையும் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதையே பூட்டு. பயப்படாமல் பூட்டு. மாமாவிடம் சக்கரம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல், மற்றக் கதையெல்லாம் அவருக்கு எதற்கு?

அவர் "எப்ப முடியும்" என்று கேட்டதை நாலைந்து தடவை படித்தேன்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

சக்கரத்தைப் பூட்டியாகிவிட்டது. செயின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

"இரண்டாவது தடவையும்" என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை எது?

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

அது பேனா ஓட்டத்தில் வந்த வார்த்தை. இங்கே கம்பெனியில் ஒரு தடவை இந்த மாதிரி ஆனது, அதை நினைத்து எழுதிவிட்டேன். எத்தனையோ சக்கரம் வெட்டுகிறோம், எத்தனையோ கழிகிறது. நீ ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே.

வண்டி ஓடுகிறதே, அது போதாதா? ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தினமும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல். தோளுக்கு எண்ணெய் தடவி நீவி விடு. கடைக்குப் போகிற வழியில் மேடு இருந்தால் முதல் நாள் நீயும் கூடவே நட.

மாமாவிடம் மட்டும் இதைப் பற்றிக் கேட்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். கேட்க ஒன்றுமே இல்லை.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

கேட்டுவிட்டேன். நீ கேட்காதே என்று அப்படிக் கெஞ்சிய பிறகு கேட்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "ஒற்றைப்படைப் பல்லுக்கு நேர் எதிர்ல பள்ளம் இருக்காதாமே, தம்பி எழுதியிருக்கான்" என்றேன். அவ்வளவுதான். "சொல்லிட்டானா அவன்?" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். நீ முதலில் வெட்டிய சக்கரம் நன்றாகத்தான் இருந்ததாம். அதையும் பதினேழு பல்லில்தான் வெட்டினாயாம், செயின் மட்டும் இதைவிடப் பெரியதாம். இவர் நேராக வைத்து அளந்துவிட்டு, அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது, கழித்துப் போடு என்றாராம். இவர் சொன்ன அளவு வருகிற மாதிரி நீ இன்னொன்று பெரிதாக வெட்டினாயாம். அதையும் இவரே அளந்து, சரி என்று சாக்பீஸில் டிக் போட்டுக் கொடுத்தாராம். அதைத்தான் நீ மாட்டினாய். பட்டறையில் அவருக்கு மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவர் அளந்தால் அளந்ததுதான் என்று. நீயும் உன் மாமா அளந்ததாயிற்றே என்று பேசாமல் இருந்தாய்.

செக்கிங் தப்பு என்று ஆனால் வேலையும் போய், பட்டறை கொடுத்த குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து, நீ அவரிடம் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். நீ அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. தப்பு செய்தவன் முழிக்கிற முழி என்று அன்றைக்கு நினைத்தேன்.

அளந்த விதம் தப்பு என்று அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில மூணாவது வாரம். மல்லாந்து படுத்து ஃபேனையே பாத்துட்டிருந்தேன். மூணு இறக்கை. எந்த இறக்கைக்கும் நேர் எதிர்ல இறக்கை இல்ல. அப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். அதிலிருந்துதான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் வலி என்று நினைத்து மருந்து மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தேன்.

அவர் வண்டியில் உட்காரவில்லை. தூக்கி உட்கார வைக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தக் கடையில போய் மைக்ரோமீட்டரைத் தொடுவேன்?" என்று கேட்டார். கத்தினேன், அழுதேன், ஒரு நாள் சமைக்காமல் படுத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் பதினைந்து அன்று கடைக்காரர் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று பார்த்தார். பதினாறாம் தேதி வேறு ஆள் வந்துவிட்டார். வண்டி முன் அறையில் நிற்கிறது. ஈரத்துணி காயப்போடுகிறேன்.

இரண்டு வருஷமாக அவரைத் தூக்கும்போதும், துடைக்கும்போதும், புண்ணுக்கு மருந்து போடும்போதும் மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். நாசமாய்ப் போகட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். உன்னைத் திட்டினால் கையில் பலம் வரும், அவரைச் சுலபமாகத் தூக்கிவிடுவேன். இப்போது தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். கோபப்பட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறார். உன்மேல் எனக்கு இன்னொரு கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். பதினெட்டு பல் வெட்டியிருப்பேன். அவர் இன்றைக்கு அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படி எழுதுவது அநியாயம். தெரிந்தேதான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் நான்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன். அந்த வராந்தாவில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அதனால் உனக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியவில்லை.

உன்னை வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ வரட்டுமா என்று அவரிடம் கேட்டும் பார்த்தேன். "அவன் வந்தா நான் சாப்பாட்டை நிறுத்திடுவேன்" என்றார். சொன்னால் செய்வார். நீ எழுதிய கடிதங்களையும் கிழித்துவிட்டேன், அவர் கண்ணில் படக் கூடாது என்று.

உங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர்தான் என் பக்கத்தில் இருக்க முடியும் போலிருக்கிறது. அவரால் எழுந்து போக முடியாது. உன்னால் முடியும். அதனால் நீ வராதே, எழுதவும் வேண்டாம்.

அக்கா